ஆட்சியும் ஆவணமும் காட்சியும்

நியாய மன்றின் படியேறிய எளியோரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்துள் தடுத்தாட்கொண்ட புராணத்தைக் கல்லாத இந்துக் கல்லூரி மாணவர் இரார். புத்தூரில் மணக்கோலத்துடன் வீற்றிருந்த நம்பியாரூரரை முதிய வேதியர் ஒருவர் தடுத்து, 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்குரைத்த வரலாறு அது. அப்பகுதியை நாம் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் உள்ளம் இறைவனின் திருவிளையாட்டிலேயே படிந்துவிடுகின்றது. அது வேண்டுவதே. எனினும் அவ்வரலாற்றுள் ஒரு நியாய மன்றமும் உண்டு. வாதியும் பிரதிவாதியும் உண்டு. சான்றும் தீர்ப்பும் உண்டு. அவற்றையும் மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் நம் வழக்கம்.

திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முதியவரை நோக்கி, அவர் கூற்றுக்குச் சான்று யாதென வினவினர். ஒரு வழக்கை நிலைநாட்டும் வழிகள் மூன்று என்பது அந்நாளைய முறை. முதலாவது ஆட்சி, அஃதாவது வழிவழியாக நடந்துவரும் அனுபவம். இரண்டாவது ஆவணம், அஃதாவது எழுத்து. மூன்றாவது காட்சி, அஃதாவது அயலார் கண்டு கூறும் சாட்சியம். நம்பியாரூரர் சினந்து கிழித்தது படியோலையே. மூலவோலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. அதிலுள்ள பாட்டனார் கையெழுத்தை அவர் எழுதிய பிறிதோர் ஓலையோடு ஒப்புநோக்கிய அவையத்தார், இரண்டும் ஒத்திருக்கக் கண்டு, நம்பியாரூரர் தோற்றார் என்றே தீர்ப்பளித்தனர்.

அடியவர்க்கு அத்தோல்வி அருளாக முடிந்தது. உலகியலில் மனிதரை மனிதர் அடிமைகொண்ட இடங்களிலோ அவ்வாறு முடிவதில்லை. அடிமைத்தளையோ அதனையொத்த பிறிதொரு கட்டோ நீங்கியபின், 'இது என் உடைமை, இது என் இல்லம்' என்று நியாயங் கேட்டு மன்றேறிய எளியோர் கையில், ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றனுள் எவை இருந்தன, எவை இருக்கவில்லை? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். முதலிற் கடல் கடந்த ஒரு தேசத்தை நோக்கி, பின்னர் நம் மலைநாட்டுக்கு மீள்வோம்.

காட்சி மறுக்கப்பட்டவர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் மிசிசிப்பிப் பேராற்றின் கரையில் நாச்செஸ் என்றொரு நகரம் உண்டு. பருத்தித் தோட்டங்களாற் செழித்த பிரதேசம் அது. அத்தோட்டங்களில் உழைத்தவர் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட கறுப்பின மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் பிறருடைய உடைமை. அவர்களுள் ஒரு சிலர் எசமானரால் விடுவிக்கப்பட்டும், தம்மைத்தாமே விலைகொடுத்து மீட்டும் விடுதலை பெற்றனர். இங்ஙனம் விடுதலை பெற்றோர் நிலமும் வீடும் கால்நடையும் தேடிக்கொண்டனர், கடன் கொடுத்தனர், கொடுத்த கடன் திரும்பாதபோது நீதிமன்றஞ் சென்றனர்.

கிம்பர்லி வெல்ச் என்னும் வரலாற்றாசிரியர் அப்பிரதேசத்து நீதிமன்றங்களின் நிலவறைகளிலும் களஞ்சியங்களிலும் கிடந்த பழைய வழக்கேடுகளைத் துருவி ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும், சிலவிடங்களில் அடிமைநிலையில் இருந்தவரும் வழக்காடிய ஆயிரத்துக்கு மேற்பட்ட சான்றுகளை அவர் கண்டார். வெள்ளையருக்கு எதிராகவும் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். பலமுறை வென்றும் உள்ளனர். இஃது எவ்வாறு இயன்றது? அவர்கள் மன்றில் 'மனிதவுரிமை' என்று முழங்கவில்லை. 'என் கடன்', 'என் நிலம்', 'என் கூலி' என்று உடைமையின் மொழியிற் பேசினர். உடைமையைப் புனிதமெனப் போற்றிய அந்நீதிபதிகளால் அம்மொழியைத் தள்ளிவிட முடியவில்லை. உடைமையாகக் கருதப்பட்ட மக்கள் உடைமைச் சட்டத்தையே தம் கேடயமாக்கிக்கொண்டனர் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

ஆயினும் அக்கேடயத்தில் ஒரு பெருந்துளை இருந்தது. நாச்செஸ் நகரில் வில்லியம் ஜோன்சன் என்பவர் வாழ்ந்தார். 1809இல் அடிமையாகப் பிறந்து, 1820இல் விடுதலை பெற்று, முடிதிருத்தும் தொழிலாற் செல்வராகியவர். 1835 முதல் 1851 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. அவர் தாமும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. தம் அயல்நிலத்தாருடன் அவருக்கு எல்லைத் தகராறு எழுந்தது. அவர் மன்றத்தை நாடினார். நில அளவை நடந்தது. வழக்கு ஒருவாறு தீர்ந்தது. ஆனால் 1851ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் வழியிற் சுடப்பட்டு மாண்டார். சுட்டவர் எவரென அறிந்தோர் இருந்தனர். அவர்களோ கறுப்பினத்தவர். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லுதலை அந்நாட்டுச் சட்டம் ஏற்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் தாம் கறுப்பினக் கலப்பற்றவர் என்று வாதிட்டார். வழக்கு நெடுநாள் இழுபட்டுத் தண்டனையின்றி முடிந்தது.

அவரிடம் ஆட்சி இருந்தது, ஆவணம் இருந்தது, காட்சி மட்டும் மறுக்கப்பட்டது. மூன்றில் ஒன்று குறைந்தமையால் அவர் உயிருக்கே நியாயம் இல்லாது போயிற்று.

ஆவணம் பறிக்கப்பட்டவர்

இனி ஒரு பெண்மணியின் வரலாறு. என்றியேற்றா வூட் என்பார் 1848இல் ஒகையோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரில் விடுதலை பெற்றார். ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1853இல், வண்டியில் உலாவச் செல்வோம் என்று வஞ்சித்து, அடிமைமுறை நிலவிய அக்கரைக்குக் கொண்டுசென்று அவரை விற்றுவிட்டனர். தாம் விடுதலை பெற்றவர் என்று அவர் வழக்காடினார். அதற்குரிய சான்று எங்கே என்று கேட்டனர். நகர நீதிமன்றத்தில் இருந்த பதிவு 1849இல் நேர்ந்த தீயில் எரிந்துபோயிற்று. அவரிடமிருந்த பிரதியைக் கடத்தியவர்களே பறித்துக்கொண்டனர். ஆவணம் இல்லை, வழக்கும் இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்த காலம்வரை அவர் மீண்டும் அடிமையாகவே உழைத்தார்.

ஆனால் அவர் மறக்கவில்லை. 1869இற் சின்சினாற்றிக்கு மீண்டு, அடுத்த ஆண்டிலேயே தம்மைக் கடத்தி விற்ற செபுலன் வாட் என்பவர்மீது 20,000 டொலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். எட்டாண்டுகள் கடந்து 1878இல் 2,500 டொலர் வழங்குமாறு தீர்ப்பாயிற்று. இழந்த ஆண்டுகளுக்கு அத்தொகை ஈடாகுமோ? ஆகாது. எனினும் ஓர் ஏழைப் பெண்ணின் உழைப்பைத் திருடியவர் அதற்குப் பொறுப்பாளி என்று மன்றம் ஏட்டில் எழுதிவைத்தது. அவருடைய மகன் பின்னர்ச் சட்டம் பயின்று சிக்காகோ நகரில் வழக்கறிஞரானார். நம் மாணவர் இவ்விறுதி வாக்கியத்தை மறவாதிருப்பாராக.

துண்டு முதற் பத்துச்சீட்டு வரை

இங்கிருந்து நம் மலைநாட்டுக்கு வருவோம். இவ்விரு வரலாறுகளுக்கும் நமக்கும் தொடர்பு யாது என்று வாசகர் வினவலாம். பிரித்தானியப் பேரரசு 1833ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கத் தொடங்கியபோது, மொரீசியசிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் இடத்துக்கு இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசென்றனர். இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிந்த ஆண்டு 1844. ஏறத்தாழ அதே காலத்திலேதான் கோப்பித் தோட்டங்களுக்கென நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர்.

நம் முன்னோர் அடிமைகள் அல்லர். இதனைத் தெளிவாகக் கூறவேண்டும். அவர்களை எவரும் சந்தையில் விற்கவில்லை. ஆனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறை செல்லக்கூடும். 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கங்காணிக்கு அவன் கொடுக்கவேண்டிய கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைச் செலுத்தும் தோட்டத்துக்கே அவனும் அவன் குடும்பமும் செல்லலாம். கடன் கைமாறும்போது ஆளும் கைமாறினான். 1921ஆம் ஆண்டிலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

அன்று முதல் நம்மவரும் ஒருவகையில் விடுதலை பெற்றோரே. ஆயினும் விடுதலை பெற்றவன் படுத்துறங்கிய இடம் எது? தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா. அது வேலையோடு ஒட்டியது. வேலையை நிறுத்தித் தோட்டம் கொடுக்கும் பற்றுச்சீட்டை நம் மக்கள் 'பத்துச்சீட்டு' என்பர். அச்சீட்டுக் கையில் விழுந்த நாளிலே, பாட்டன் வாழ்ந்த காம்பராவும் கைவிட்டுப் போகும். பேரன் பிறந்த இடம் பேரனுக்கு அந்நியமாகும். ஆகவே மலைநாட்டுத் தொழிலாளியின் உடைமை வழக்கு என்பது, பெரும்பாலும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றின் வழக்கேயாகும்.

நேவ்ஸ்மயர்த் தோட்டத்து வழக்கு

கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம் இருந்தது. அங்கு நிகழ்ந்த போராட்டத்தை மலையக எழுத்தாளர் உருளவள்ளிப் போராட்டம் என வழங்குவர். நிலமற்ற கிராமத்தார்க்குப் பகிர்ந்தளிக்கும் கிராம விரிவாக்கத் திட்டத்தின்படி அரசாங்கம் அத்தோட்டத்து நிலத்தைக் கையேற்றது. அந்நாளிற் காணி, விவசாய அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்கா. அங்கு வாழ்ந்த தொழிலாளரைக் காம்பராக்களை விட்டு வெளியேறுமாறு பணித்தனர்.

ஈண்டுக் கிராமத்தாரின் பக்கத்து நியாயத்தையும் நாம் ஒளியாது கூறவேண்டும். கண்டி நாட்டுக் குடியானவர் நிலமிழந்த வரலாறும் ஆவணத்தின் வரலாறே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவே என்று விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்தவர்கள் அதற்குச் சன்னசு முதலிய எழுத்துக் காட்ட இயலாது நின்றனர். அந்நிலங்கள் தோட்டங்களாயின. நூறாண்டின் பின் அவர்கள் பிள்ளைகளுக்கு நிலங் கொடுக்கவேண்டி, தோட்டத்தில் வாழ்ந்த வேறோர் ஏழையை எழுப்பினர். பாயின்றி நின்றவனுக்குப் பாய் கொடுக்க, பாயிற் படுத்திருந்த மற்றோர் ஏழையின் பாயை உருவியதை ஒத்தது இது. இருவரும் பாயிழக்கக் காரணராயினார் எவரும் அவ்வழக்கிற் கட்சிக்காரராக நிற்கவில்லை.

தொழிலாளர் வெளியேற மறுத்தனர். 1946ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஆதரவாக இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைமையில் வேலைநிறுத்தமும் நடந்தது. காம்பராவை விடாத தொழிலாளர்மீது அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. பிறர் அனுபவத்திலுள்ள இடத்துட் புகுந்து, அல்லது முறையாகப் புகுந்தபின் முறைகேடாகத் தங்கியிருந்து, அவ்விடத்தாரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ கருதுதல், தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு கூறும் குற்றமாகும். தன் காம்பராவில் தான் இருந்ததே குற்றம் என்பது குற்றச்சாட்டு.

அவ்வழக்கு மன்றுக்கு மன்று சென்று, ஈற்றிற் பிரித்தானியக் கோமறைக் கழகத்தின் முன் வந்தது. 'மன்னர் எதிர் செல்வநாயகம்' என்பது அதன் பெயர். 'தந்தை செல்வா' எனப் போற்றப்படும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களோடு இப்பெயரை மயங்கவேண்டா. ஒரு புறம் பேரரசின் மன்னர். மறுபுறம் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஒருவர். 1950ஆம் ஆண்டிலே தீர்ப்பு வெளியாயிற்று.

அத்தீர்ப்பின் சாரத்தை எளிய முறையிற் கூறுவோம். முதலாவது: அப்பிரிவு 'அனுபவத்தில் இருத்தல்' என்பதையே பேசுகின்றது. எவர் ஓரிடத்தில் உண்மையாக இருக்கின்றார் என்பது கண்ணாற் கண்டு துணியும் நிகழ்ச்சி. சட்டத்தில் எவருக்கு அவ்விடம் உடையது என்பது வேறு வினா. இரண்டாவது: 'எனக்கு இங்கு இருக்க உரிமையுண்டு' என்று ஒருவன் உண்மையாக நம்பித் தங்குவானாயின், அந்நம்பிக்கை சட்டத்தில் தவறானதாகவே இருப்பினும், அதனாற் பிறர்க்குத் தொல்லை நேரும் என்று அவன் அறிந்திருப்பினும், அஃது ஒன்றே அவனைக் குற்றவாளி ஆக்காது. அவனுடைய தலையாய நோக்கம் தொல்லை கொடுத்தலே என்றும், உரிமை என்றது வெறும் போர்வையே என்றும் வழக்குத் தொடுத்தவர் நிரூபித்தல் வேண்டும். இத்தொழிலாளரின் நோக்கமோ தம் வீடெனக் கருதிய இடத்திலே தொடர்ந்து வாழ்தல். ஆகவே அவர் குற்றவாளி அல்லர்.

திருவெண்ணெய்நல்லூர் அவையின் சொல்லாற் கூறின், ஆவணம் ஏதுமற்ற ஓர் ஏழை, ஆட்சி ஒன்றினாலேயே மன்னருக்கு எதிரே தப்பினார். இன்றும் நம் நாட்டிலே அத்துமீறல் வழக்குகளில் இத்தீர்ப்பை எடுத்தோதுவர். சட்டம் பயிலும் மாணவர் இதனைக் கற்கின்றனர். அது யாருடைய காம்பராவிற் பிறந்த சட்டம் என்பதை நம் மாணவரும் அறிதல் வேண்டும்.

தீர்ப்புத் தந்ததும் தராததும்

இனி, மகிழ்ச்சியோடு நின்றுவிடாமல் மேலும் ஒரு படி செல்வோம். அத்தீர்ப்பு அத்தொழிலாளியைச் சிறையிலிருந்து காத்தது. காம்பராவை அவருக்கு உடைமையாக்கிற்றா? இல்லை. அவர் குற்றவாளி அல்லர் என்றதேயன்றி, அவர் உரித்தாளர் என்று மன்றங் கூறவில்லை. கேட்கப்பட்ட வினா அதுவன்று.

'நூறாண்டு வாழ்ந்தும் உரித்து வராதா?' என்று மாணவர் கேட்பர். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்தாண்டு காலம் பிறர் உரிமையை மறுத்து இடையூறின்றி ஆண்டவனுக்கு உரித்தை ஏற்கின்றது. ஆயின் அங்கே இரண்டு தடைகள் உள. உடையவர் அனுமதியோடு குடியிருந்தவன் எத்தனை ஆண்டு இருப்பினும், அஃது அவர் உரிமையை மறுத்து ஆண்டதாகாது. வேலைக்காகக் கொடுத்த காம்பரா அத்தகையதே. இரண்டாவதாக, அரசுக்குரிய நிலத்துக்கு எதிராக அச்சட்டத்தைக் காட்ட இயலாது. 1975ஆம் ஆண்டிற் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இன் பின் அவற்றின் முகாமை மீண்டுங் கம்பெனிகளிடஞ் சென்றபோதும், நிலம் பெரும்பாலும் அரசின் கையிலேயே உள்ளது. ஆகவே, நம்மிடம் நிறைய உள்ள ஆட்சி, நம்மைச் சிறையிலிருந்து காக்கும். நமக்கு உறுதி எழுதித் தராது.

உறுதிக்கு அடிப்படை குடியுரிமை. அஃது 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நம்மிற் பெரும்பாலோர்க்கு இல்லாது போயிற்று. வாக்காளர் இடாப்பிற் பெயர் மறுக்கப்பட்ட கோடாக்கன் பிள்ளை என்பார் தொடுத்த வழக்கும் கோமறைக் கழகம்வரை சென்றது. 1953இல் அது தோற்றது. அமெரிக்காவில் 1857இல் திரெட் ஸ்கொட் என்னும் அடிமையின் வழக்கிலே, கறுப்பினத்தவர் குடிமக்கள் அல்லர், ஆதலாற் கூட்டாட்சி மன்றில் வழக்காடவும் அருகரல்லர் என்று தீர்ப்பளித்ததை இங்கு நினைவுகூரலாம். நம்மவர்க்கு மன்றின் வாயில் அடைக்கப்படவில்லை. உட்சென்று வெறுங்கையோடு மீண்டனர். 1964, 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் நம் மக்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்றோர் என்ற நிலை பெரிதும் நீங்கிற்று.

இடையே சட்டசபை செய்த நன்மையையும் கூறுதல் கடன். 1957இல் ஏற்படுத்தப்பட்ட தொழில் நியாய மன்றுகள், வேலைநீக்கப்பட்ட தனித் தொழிலாளியும் தானே சென்று முறையிட வழிவகுத்தன. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புச் சட்டம், தகுதிவாய்ந்த நீதிமன்றின் கட்டளையின்றித் தொழிலாளியைக் காம்பராவிலிருந்து வெளியேற்றலாகாது என்று விதித்தது. செல்வநாயகம் வழக்கு முடிந்து இருபதாண்டுகள் கழிந்தபின், பத்துச்சீட்டின் கூர்மை ஓரளவு மழுங்கிற்று.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருத்தல் வேறு. நிலத்தில் நடத்தல் வேறு. 1977ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதற்கு எதிராகத் திரண்ட தொழிலாளர்மீது டெவன் தோட்டத்திலே துப்பாக்கிச் சூடு நடந்தது. சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் உயிரிழந்தார். வட்டகொடையிலிருந்து அவ்விடம் தொலைவன்று. நிலத்தின் பொருட்டு மன்றேறியவரும் நம்மவரே; மண்ணில் வீழ்ந்தவரும் நம்மவரே.

இழந்த நிலம் மீண்ட கதையும் உலகில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையிலே புரூஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர் 1912இல் நிலம் வாங்கி விடுதி நடத்தினர். பூங்கா அமைக்கவென்று நகரசபை 1924இல் அதனைக் கையேற்க முற்பட்டு, இழப்பீடாகச் சிறுதொகை கொடுத்து எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, மாநிலச் சட்டமன்றம் 2021இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்ற, 2022இல் நிலம் வழித்தோன்றல்களைச் சேர்ந்தது. இங்கே நாம் கவனிக்கவேண்டியவை இரண்டு. மீட்டது நீதிமன்றம் அன்று, சட்டமன்றம். அதற்கும் அடிப்படை, 'இன்ன ஆண்டில் இன்னார் வாங்கினர்' என்று காட்டிய ஆவணம்.

ஒரு தகரப் பெட்டி

சில ஆண்டுகளுக்கு முன், வட்டகொடையில் நாம் கற்பிக்கும் பாடசாலைக்கு, மாலை மணியடித்தபின் ஒரு முதாட்டி வந்தார். தலையிற் கொழுந்துக் கூடை சுமந்த கயிற்றின் தழும்பு. கையில் ஒரு தகரப் பெட்டி. அவருடைய கணவர் இறந்தபின் காம்பராவைக் குறித்து உறவினருக்குள் தகராறு எழுந்திருந்தது. "மாஸ்டரய்யா, இதுல எங்க காம்பராவுக்கு ஏதாச்சும் கடுதாசி இருக்கானு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நாம் ஒவ்வொன்றாக எடுத்தோம். கணவரின் தந்தை வேறொரு தோட்டத்திலிருந்து பெற்ற பற்றுச்சீட்டு. பழைய அரிசிக் கூப்பன் புத்தகம். மக்களின் பிறப்புச் சான்றிதழ். சேமலாப நிதிக் கடிதம். தொழிற்சங்கச் சந்தாச் சீட்டுக்கள். கணவரின் பெயர் நான்கு தாள்களில் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. மூன்று தலைமுறை உழைத்தமைக்கு அப்பெட்டி நிறையச் சான்று இருந்தது. அவர்கள் வாழ்ந்த இல்லத்துக்கு ஒரு வரிகூட இல்லை. "இருக்கா சாமி?" என்று அவர் மீண்டும் கேட்டபோது, "நாளைக்கு விண்ணப்பம் எழுதுவோம் பாட்டி" என்று மட்டுமே நம்மாற் கூற முடிந்தது.

பெயர்த் திருத்தத்துக்கு எழுதினோம். ஓர் அலுவலகம் பிறிதோர் அலுவலகத்துக்கு அனுப்பிற்று. அது மீண்டும் முதல் அலுவலகத்துக்கே அனுப்பிற்று. ஈராண்டின் பின் திருத்தம் கிடைத்தது. காம்பராவுக்கான எழுத்துக் கிடைக்கவில்லை. அந்த முதாட்டியும் இன்று இல்லை. அவருடைய மகன் அதே லயத்தில், அதே காம்பராவில், அதே பெட்டியோடு இருக்கின்றார்.

இத்தகைய பெட்டிகள் நம் மலைகளில் எத்தனையோ உள. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற திட்டம் 2015 முதற் பேசப்பட்டது. இந்திய உதவியோடு தனிவீடுகள் எழுந்தன; 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகாரசபையும் 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயின் வீடு வேறு, உறுதி வேறு. சுவர் எழும்பியதைக் கண்டு மகிழ்ந்து, உறுதியைக் கேளாது விடுதல் படியோலையைப் பெற்று மூலவோலையை மறந்ததற்கு ஒப்பாகும்.

நம் கடன்

பழைய மாணவர்களே, இக்கல்லூரி உங்களுக்கு எழுத்தைக் கொடுத்தது. எழுத்தில்லாதவன் பெட்டியைத் திறந்து படிக்கும் கடன் எழுத்துள்ளவனுடையது. உங்களுள் வழக்கறிஞர் உள்ளீர், எழுதுவினைஞர் உள்ளீர், அதிபர் உள்ளீர், தோட்டத்தில் உத்தியோகம் பார்ப்போரும் உள்ளீர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு லயத்திலேனும் ஒரு குடும்பத்தின் தாள்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பீராயின், அது இவ்விழாவுக்கு நீங்கள் செலுத்தும் நற்காணிக்கையாகும்.

மாணவர்களே, உங்களுக்கு மூன்று சொற்கள். ஆவணத்தைப் பேணுங்கள்: உம் பிறப்புச் சான்றிதழில் உமது பெயரும் தந்தை தாயார் பெயரும் சரியாக உளவா என்று இன்றே பாருங்கள், எந்த விண்ணப்பத்துக்கும் பிரதி வைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள், உறுதி பற்றிய செய்தியை மறைப்பாராயின், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு என்பதை அறியுங்கள். காட்சிக்கு அஞ்சாதீர்கள்: நாச்செஸ் நகரத்து மக்களைப் போல உமது வாயைச் சட்டம் கட்டவில்லை, பிறப்பால் எவரையும் சாட்சியாகாது தள்ளும் விதி நம் நாட்டில் இல்லை. நம்மவர் வாயைக் கட்டுவது, துரைக்கு எதிராகச் சொன்னால் வேலையும் காம்பராவும் போகும் என்ற பழைய அச்சமே. பொருளில்லாதவர்க்கு வழக்குரைக்கச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. ஆட்சியை விடாதீர்கள்: வாழ்ந்த இடத்தை வழக்கின்றி விட்டோடியவனுக்குப் பின் எந்த மன்றமும் உதவாது. செல்வநாயகம் என்னும் தொழிலாளி தம் காம்பராவில் இருந்தார். அவர் இருந்தமையாலேயே ஒரு சட்டம் பிறந்தது.

தலவாக்கலையைக் கடந்து வட்டகொடை நோக்கிப் புகையிரதம் ஏறும்போது, இருமருங்கும் தேயிலைப் பசுமைக்கிடையே வெண்மையான லய வரிசைகள் தோன்றும். பயணிகள் அவற்றை அழகிய காட்சியென்பர். நாமோ ஒவ்வொரு கதவின் பின்னும் ஒரு தகரப் பெட்டியைக் காண்கின்றோம். அப்பெட்டிகளில் உழைப்பின் சான்றோடு உரிமையின் உறுதியும் சேரும் நாளே நம் மக்களின் வழக்குத் தீரும் நாள். அந்நாளை விரைந்து காண இறைவன் அருள்புரிவானாக. கல்லூரி நீடு வாழ்க.